எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால்: பனிச்சறுக்குக் காயங்களை யாரிடம், எத்தனை நாளுக்குள் காட்டுவது?

பனிச்சரிவில் விழுந்தவரை அடிவாரத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு உடையவில்லை. "சுளுக்குதான், வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும்" என்று கட்டுப் போட்டு, கையில் ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மருத்துவர் சொன்னதில் பொய் இல்லை. எலும்பு உடையவில்லைதான். ஆனால் பனிச்சறுக்கில் அடிக்கடி அறுபடும் உறுப்புகளை எக்ஸ்ரே காட்டாது. சில எலும்பு முறிவுகளும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். சிறப்பு மருத்துவரைத் தேட வேண்டிய கட்டம் பெரும்பாலும் இதுதான். பெரும்பாலோர் மாதக்கணக்கில் தாமதிப்பதும் இங்கேதான்.

இந்த நிலை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில், காலுக்கொரு நீளப் பலகை மாட்டிச் சறுக்கும் ஸ்கீயில் விபத்து என்றாலே கெண்டைக்கால் எலும்பு முறிவு. பிறகு ஸ்கீ பூட் காலணிகள் உயரமும் கெட்டியுமாயின. பூட்டை ஸ்கீயோடு பிணைத்து, அதிக விசை வந்தால் காலை விடுவித்துவிடும் பைண்டிங்குகள் மேம்பட்டன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஷுகர்புஷ் ஸ்கீ தலத்தில் ராபர்ட் ஜான்சன், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி ஆகியோர் 1972 முதல் பல பத்தாண்டுகள் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். கெண்டைக்கால் முறிவுகள் பெருமளவு குறைந்ததையும், முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வான ஏசிஎல் அறுபடுவது கூடியதையும் அந்தக் கணக்கு காட்டியது. பைண்டிங் வடிவமைக்கப்பட்டதே கெண்டைக்கால் எலும்பைக் காப்பாற்றத்தான். முழங்காலுக்குள் ஜவ்வு எவ்வளவு இழுபடுகிறது என்பதை அறிய அதற்கு வழியில்லை. அடி எலும்பிலிருந்து ஜவ்வுக்கு இடம் மாறிவிட்டது. அடிவாரக் கிளினிக்கில் இருக்கும் கருவியோ இன்னும் எக்ஸ்ரேதான்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். நம் பேச்சில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்றால், எலும்போடு எலும்பைக் கட்டும் நாரையும் குறிக்கும், முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸையும் குறிக்கும். சிகிச்சையில் இரண்டும் வேறு வேறு. மருத்துவர் "ஜவ்வு" என்றால் எது என்று பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஏசிஎல்லா, உள்பக்க ஜவ்வான எம்சிஎல்லா, மெனிஸ்கஸா? இந்தக் கட்டுரையில் ஜவ்வு என்பது எலும்புகளைக் கட்டும் நார் மட்டுமே.

சரிவில் கவனிக்க வேண்டியவை

விழுந்த இடத்துக்கு மேலே, சில மீட்டர் தள்ளி இரண்டு ஸ்கீயைக் குறுக்காக நட்டுவைப்பது எல்லா நாட்டிலும் புரியும் சைகை. மேலிருந்து வருபவர்கள் விலகிப் போவார்கள். மீட்புக் குழுவை அழைக்கும்போது சரிவின் பெயரும், ஓரக் கம்பத்தில் உள்ள எண்ணும் சொன்னால் போதும். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்பது யாருக்கும் உதவாது. அடிபட்டவருக்கு அடியில் ஜாக்கெட்டோ பையோ போட வேண்டும். உடம்பின் சூட்டை மேலே வீசும் காற்றைவிடக் கீழே இருக்கும் பனி வேகமாக உறிஞ்சலாம். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறனும் குறையும். உள்ளே ரத்தக் கசிவு இருப்பவருக்கு அது ஆபத்து.

முழங்காலோ கெண்டைக்காலோ அடிபட்டிருந்தால் ஸ்கீ பூட்டைச் சரிவிலேயே கழற்றிப் பார்க்க வேண்டாம். கெட்டியான பூட் ஒரு சிம்புபோல் காலைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடான அறையில், வலி மருந்து கொடுத்து, இரண்டு பேர் பிடித்துக் கழற்ற வேண்டியது அது. விதிவிலக்கு, பாதம் மரத்துப்போய் விரல்களை அசைக்க முடியாத நிலை. அப்போது பாதத்தின் நாடியைச் சீக்கிரம் பார்த்தாக வேண்டும். அந்த முடிவை மீட்புக் குழு எடுக்கட்டும். கழுத்தில் வலி இருந்தால் ஹெல்மெட்டையும் தொடக் கூடாது, மூச்சுக்குத் தடை இருந்தாலொழிய.

இதற்கிடையில் நான்கு விஷயங்களை மனதில் குறித்துக்கொண்டால், பின்னால் பார்க்கப்போகும் சிறப்பு மருத்துவருக்கு அது பாதி பரிசோதனைக்குச் சமம். எந்தப் பக்கம் திருகி விழுந்தீர்கள்? பைண்டிங் கழன்றதா, இல்லையா? உள்ளே 'டப்' என்று ஏதாவது அறுந்ததுபோல் கேட்டதா அல்லது உணர்ந்தீர்களா? வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது? கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் முழங்கால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பந்துபோல் வீங்கினால் உள்ளே நிறைந்திருப்பது ரத்தம். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் பெரும்பாலும் மூட்டு நீர். விளையாட்டில் திருகி விழுந்து உடனடியாக ரத்தம் நிறைந்த முழங்கால்களில் பெரும்பாலானவற்றில் ஏசிஎல் அறுந்திருக்கும்.

மணிக்கணக்கில் ஓடும் கடிகாரம்

எந்தச் சிறப்பு மருத்துவர் நல்லவர் என்று தேடிக்கொண்டிருக்க முடியாத காயங்கள் சில உண்டு. அவற்றுக்கு அருகில் இருக்கும் பெரிய விபத்துச் சிகிச்சை மையம்தான் சரியான இடம். ஹெலிகாப்டர் தேவையென்றால் ஹெலிகாப்டர்.

முதலாவது, முழங்கால் முழுதாக இடம் பெயர்வது. இதில் ஏமாற்று ஒன்று இருக்கிறது. பெயர்ந்த மூட்டு தானாகவே திரும்பி உட்கார்ந்துவிடலாம். பார்த்தால் வெறும் வீக்கம். எக்ஸ்ரேயிலும் எலும்புகள் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி கிழிந்தோ நசுங்கியோ இருக்கக்கூடும். ஒன்றுக்கு மேற்பட்ட திசையில் ஆடும் முழங்காலைப் பார்த்தால், மருத்துவர் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். விகிதம் 0.9-க்குக் கீழ் போனால் ரத்தக் குழாய்களுக்கான சிடி ஸ்கேன். ரத்த ஓட்டம் நின்றிருந்தால் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் சீராக்கியாக வேண்டும். அதற்குப் பிறகு கால் பிழைப்பதே சந்தேகம். பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, கெண்டைக்கால் எலும்போ முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்தளமோ முறிந்தபின் வரும் தசையறை அழுத்தம். தசைகளைச் சுற்றியிருக்கும் உறை விரியாது. உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்தம் நுழைய முடியாமல் தசை சாகத் தொடங்குகிறது. காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, மருந்துக்கு அடங்காத வலி, கால்விரலை மற்றவர் மெல்ல மடக்கினாலே உயிர் போகும் வலி ஆகியவை இதன் அடையாளங்கள். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். கடைசிவரை அது துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் உறையைத் திறந்துவிடும் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட காலில் இரவில் வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது தலை. பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்து மோன் திரம்ப்ளாவில், தொடக்கநிலைச் சரிவில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்தார். எழுந்து பேசினார், சிரித்தார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். பிறகு தலைவலி வந்தது. இரண்டு நாளில் இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே தமனி ரத்தம் தேங்கும்போது, முதலில் தெளிவாக இருக்கும் இடைவேளை ஒன்று உண்டு. அந்தத் தெளிவை நம்பி அறைக்குப் போய்த் தனியாகப் படுத்துவிடக் கூடாது. கூடிக்கொண்டே போகும் தலைவலி, மறுபடி மறுபடி வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், கண்மணிகள் அளவில் வேறுபடுவது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வழிவது ஆகியவற்றில் எது வந்தாலும் சிடி ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு உடனே போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் 65 வயதைக் கடந்தவர்களும் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது.

சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் மூளை அதிர்ச்சி இல்லை என்று ஆகாது. அதிர்ச்சி ஸ்கேனில் தெரிவதில்லை. அன்றைக்கே மறுபடி சரிவில் ஏறக் கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் திரையையும் கடும் வேலையையும் குறைத்து ஓய்வு. பிறகு நடை, லேசான பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். இருட்டறையில் பல நாள் படுத்துக்கிடக்கச் சொல்வது பழைய வைத்தியம். நான்கு வாரம் தாண்டியும் தலைவலி, தலைச்சுற்றல், மறதி தொடர்ந்தால் மூளை அதிர்ச்சிக்கென்று இருக்கும் சிகிச்சை மையத்தையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்நோபோர்டுக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இடது விலாவில் பலமாக மோதி விழுந்தபின் இடது தோள் முனையில் வலி வந்தால், தோளில் காயமே இல்லாவிட்டாலும், மண்ணீரல் கிழிந்திருக்கலாம். இவர்களிடம் மண்ணீரல் காயம் ஸ்கீ செய்பவர்களைவிட அதிகம். சில நாள் கழித்தும் அது வெடித்து ரத்தம் கொட்டக்கூடும்.

முழங்கால்: அவசரப்படவும் கூடாது, அசட்டையாக இருக்கவும் கூடாது

பொழுதுபோக்காக ஸ்கீ செய்பவர்களின் ஏசிஎல் எப்படி அறுகிறது என்பதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். வேகமாகப் போய் மோதித்தான் அறுக வேண்டும் என்றில்லை. எட்லிங்கர் குழுவினர் 'ஆவிக்கால்' என்று பொருள்படும் பெயரில் விவரித்த முறை இது: உடம்பு பின்னால் சாய்கிறது, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது, மேட்டுப் பக்கக் கை பின்னுக்குப் போகிறது, எடை முழுவதும் பள்ளத்துப் பக்க ஸ்கீயின் பின்முனை உள்விளிம்பில் ஏறுகிறது. பின்னால் நீளும் ஸ்கீ இப்போது பின்புறம் பார்த்த பாதம்போல, நெம்புகோலாக மாறி, ஆழமாக மடங்கிய முழங்காலை உள்நோக்கித் திருகுகிறது. பைண்டிங் கழல்வதற்கான விசை உருவாகும் முன்பே ஜவ்வு போய்விடும். விழுந்துகொண்டிருக்கும்போதே எழ முயல்வதும், வேகத்தைக் குறைக்கப் பின்னால் உட்கார முயல்வதும் இதற்கு வழக்கமான காரணங்கள். பெண்களுக்கு ஏசிஎல் அறும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

மருத்துவர் கையால் செய்யும் முதன்மையான சோதனை லாக்மன் சோதனை. முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, கீழெலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பது. எங்கே போய் முட்டி நிற்கிறது என்ற கெட்டித்தன்மை தெரியாவிட்டால் ஏசிஎல் அறுந்திருக்கிறது என்று பொருள். இதை விழுந்த சில நிமிடங்களில் செய்தால் தெளிவாகத் தெரியும். சில மணி நேரம் கழித்து வீக்கமும் வலியும் தசையை இறுக்கிவிட்டால் தேர்ந்த கைக்கும் புலப்படாது. அதனால் முதல் நாள் "ஆட்டம் இல்லை" என்ற பதிவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள், வீக்கம் வடிந்ததும், மறுபடி பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். எம்ஆர்ஐயையும் அந்த இடைவெளியில் எடுத்தால் போதும்.

எக்ஸ்ரேயையும் சரியாகப் படித்தால் சில தடயங்கள் கிடைக்கும். கீழெலும்பின் வெளிப்பக்க மேல்விளிம்பில் நகக்கீற்று அளவுக்கு ஒரு துணுக்கு பெயர்ந்திருந்தால் அதற்கு செகாண்ட் முறிவு என்று பெயர். பால் செகாண்ட் என்ற பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை நிபுணர் 1879-இல் விவரித்தது. துணுக்கு சிறியதாக இருந்தாலும் ஏசிஎல் அறுந்ததற்கு அது கிட்டத்தட்ட உறுதிச் சான்று. படுத்த நிலையில் பக்கவாட்டில் எடுத்த படத்தில், மூட்டுக்குள் ரத்தத்தின்மேல் கொழுப்பு மிதந்து ஒரு நேர்கோடு தெரிந்தால், எலும்பு மஜ்ஜையிலிருந்து கொழுப்பு கசிந்திருக்கிறது. எங்கோ முறிவு ஒளிந்திருக்கிறது என்று பொருள். அப்போது சிடி ஸ்கேன் கேட்க வேண்டும். வயதில் மூத்த ஸ்கீயர்களுக்கு, மேல்தள எலும்பு நசுங்குவது இப்படித்தான் தவறிப்போகிறது.

முழங்காலுக்கு எப்போது விரைந்து போக வேண்டும்? முட்டியை நேராக நீட்டவே முடியாமல் ஏதோ ஆப்பு வைத்ததுபோல் நின்றுவிட்டால், மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடிபோல் கிழிந்து புரண்டு நடுவில் சிக்கியிருக்கலாம். இதைச் சில வாரங்களுக்குள் தைத்தால் மெனிஸ்கஸைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் வெட்டி எறிய வேண்டிவரும். வெட்டிய முழங்கால் பிற்காலத்தில் தேயும். பல ஜவ்வுகள் ஒன்றாக அறுந்திருந்தாலும், குறிப்பாக வெளிப்பின்பக்க மூலை போயிருந்தாலும், இரண்டு மூன்று வாரத்துக்குள் சிறப்பு நிபுணரின் கையில் இருக்க வேண்டும். ஏசிஎல் மட்டும் அறுந்திருந்தால் அவசரமில்லை. உள்பக்க எம்சிஎல் பெரும்பாலும் கத்தி படாமலே, கீல் வைத்த பிரேஸ் என்ற தாங்குகட்டைப் போட்டு ஆறு வாரத்தில் ஆறிவிடும்.

ஏசிஎல் அறுந்த எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவையா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் கேள்வி. ஸ்வீடனில் நடந்த கனான் ஆய்வில், 121 இளம் வயதினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் இன்னொன்றுக்கு முதலில் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சிப் பிரிவில் தேவைப்பட்டவர்கள் பிறகு அறுவை செய்துகொள்ளலாம். ஐந்து ஆண்டு முடிவில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அறுவை செய்துகொண்டார்கள், மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவர்களே கொடுத்த மதிப்பெண்ணில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மறுபக்கம், 2022-இல் வெளியான பிரிட்டனின் ஏசிஎல் ஸ்னாப் ஆய்வு, காயம் பழையதாகி முழங்கால் இன்னும் நழுவிக்கொண்டிருப்பவர்களுக்கு அறுவையே மேல் என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி ஓரளவு தெளிவாகும். சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தபின் முழங்கால் உறுதியாக நின்றால் காத்திருக்கலாம். நழுவினால், ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை அரைக்கும். அப்போது தள்ளிப்போடக் கூடாது.

முதல் சில வாரத்துக்குள் சிறப்பு மருத்துவரைப் பார்க்க இன்னொரு காரணமும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அறுந்த ஏசிஎல் தானாக ஒட்டுமா என்று பார்க்க, முழங்காலை 90 டிகிரியில் நான்கு வாரம் பூட்டிவைத்து, பிறகு படிப்படியாக நீட்டும் பிரேஸ் முறை 2023-இல் வெளியானது. சிகிச்சை பெற்ற 80 பேரில் 72 பேருக்கு மூன்று மாத எம்ஆர்ஐயில் ஒட்டியதற்கான அடையாளம் தெரிந்தது. ஒப்பிட வேறு பிரிவு இல்லாத ஆய்வு அது. மறுபடி அறுந்தவர்களும் உண்டு. காலில் ரத்தக் கட்டி வரும் ஆபத்துக்குத் தடுப்பு மருந்தும் வேண்டும். எல்லோருக்கும் பரிந்துரைக்கும் கட்டத்துக்கு அது வரவில்லை. ஆனால் காயமான முதல் சில வாரத்துக்குள் தொடங்கினால்தான் அந்த வாய்ப்பே உண்டு. மூன்றாம் மாதம் போய்க் கேட்பவருக்கு அது கிடையாது.

அறுவை என்று முடிவானால், பெரும்பாலான நிபுணர்கள் வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீண்டு, தொடைத் தசை இறுக்கச் சொன்னால் இறுகும் நிலை வரும்வரை காத்திருப்பார்கள். சூடும் வீக்கமுமாக இருக்கும் மூட்டில் செய்தால் பிறகு இறுகிப்போகும் ஆபத்து உண்டு. அந்த நிலையை எட்ட வீட்டில் செய்ய வேண்டியது எளிது: குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து முழங்காலைக் கீழே தொங்கவிடுவது, தொடையை இறுக்கி ஐந்து விநாடி பிடிப்பது. வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இரண்டு வாரத்தில் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகி, அறுவைத் தேதியையே தள்ளிவைக்க நேரிடும்.

சிறுவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஏசிஎல் அறுவதற்குப் பதிலாக, அது பற்றியிருக்கும் எலும்பு முனையே பெயர்ந்து வரலாம். எலும்பு வளரும் பகுதியான வளர்தட்டு இன்னும் மூடாததால், சாதாரண முறையில் துளையிட்டால் கால் கோணலாக வளரக்கூடும். சிறுவர் எலும்பு மூட்டு நிபுணரைத்தான் கேட்க வேண்டும்.

கட்டைவிரல், கணுக்கால், மணிக்கட்டு, தோள்

முழங்காலின் பெயரால் மறக்கப்படுபவை இவை. கைத்தடியைப் பிடித்தபடி விழும்போது கட்டைவிரல் வெளியே விரிந்து, அடிமூட்டின் உள்பக்க ஜவ்வு அறுகிறது. ஸ்கீயர் கட்டைவிரல் என்றே இதற்குப் பெயர். எக்ஸ்ரேயில் எலும்புத் துணுக்கு இல்லாவிட்டால் சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அறுந்த ஜவ்வின் முனை, பக்கத்திலுள்ள தசையின் உறைக்கு மேலே ஏறி மாட்டிக்கொள்ளலாம். பெர்டில் ஸ்டெனர் 1962-இல் விவரித்த நிலை இது. இரண்டு முனைகளுக்கு நடுவே திரை விழுந்ததுபோல. எத்தனை மாதம் கட்டுப் போட்டாலும் சேராது. எக்ஸ்ரே எடுத்தபின் விரலை வெளியே சாய்த்துப் பார்க்கும்போது, 35 டிகிரிக்கு மேல் விரிந்தாலோ, நல்ல கையைவிட 15 டிகிரி கூடுதலாக விரிந்தாலோ ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது எனச் சந்தேகிக்க வேண்டும். அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ முடிவு சொல்லும். மூன்று வாரத்துக்குள் கை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போனால் நேரடியாகத் தைத்துவிடலாம். தாண்டினால் வேறிடத்துத் தசைநாண் எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். சாவியைத் திருகவோ பாட்டில் மூடியைத் திறக்கவோ வலுவில்லாத கையோடு வருபவர்கள் பெரும்பாலும் தாண்டியவர்கள்தான்.

கணுக்கால் ஸ்நோபோர்டுக்காரர்களின் பொறி. கணுக்காலுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பின் வெளிப்பக்க முனை முறிவது மற்ற விளையாட்டுகளில் அபூர்வம். 1998-இல் வெளியான கொலராடோ ஆய்வு, 12 தலங்களில் பதிவான 3,213 ஸ்நோபோர்டுக் காயங்களில் 74-ஐ இந்த முறிவாகக் கண்டது. கணுக்கால் காயங்களில் மட்டும் எடுத்தால் 15 சதவீதம். ஸ்நோபோர்டர் முறிவு என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வலி வெளிப்பக்கக் கணுக்கால் முண்டின் நுனிக்குச் சற்று முன்னும் கீழும் இருக்கும். சாதாரணச் சுளுக்கின் வலியும் ஏறத்தாழ அங்கேதான். எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்க உலகெங்கும் பயன்படும் ஒட்டாவா விதிகள் தொட்டுப் பார்க்கச் சொல்லும் இடங்களில் இந்த முனை இல்லை. எக்ஸ்ரே எடுத்தாலும் முறிவு தெரியாமல் போவது சாதாரணம். ஆகவே ஸ்நோபோர்டில் விழுந்தேன் என்ற சொல்லை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பத்து நாளுக்கு மேலும் அந்த இடத்தில் ஊன்ற முடியாத வலி இருந்தால் சிடி ஸ்கேன் கேட்க வேண்டும். பார்க்க வேண்டியவர் பாதம், கணுக்கால் நிபுணர். விட்டுவிட்டால் பாதத்தை உள்ளும் புறமும் திருப்பும் மூட்டு தேய்ந்துபோகும். பிற்பாடு எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவதுதான் மிஞ்சும் வழி.

ஸ்நோபோர்டு பழகுபவர்கள் கையூன்றி விழுவதால் மணிக்கட்டு முறிவு மிகச் சாதாரணம், அது எக்ஸ்ரேயில் நன்றாகவே தெரியும். தெரியாதது, மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் ஒன்றான ஸ்கேஃபாய்டு முறிவது. கட்டைவிரலின் அடியில், விரலை விரித்தால் விழும் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் சிம்பு வைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே, அல்லது உடனே எம்ஆர்ஐ. இந்த எலும்புக்கு ரத்தம் விரல்பக்க முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி ரத்தமின்றிச் செத்துப்போகலாம்.

தோள் நழுவினால் உள்ளே தள்ளுவதற்கு முன்னும் பின்னும், தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அங்கே ஓடும் நரம்பு நசுங்குவதுண்டு. இருபது வயதுக்காரருக்குத் தோள் மீண்டும் மீண்டும் நழுவும் ஆபத்து, நாற்பது கடந்தவருக்குத் தோளைச் சுழற்றும் தசைநாண்கள் கிழிந்திருக்கும் ஆபத்து. இரண்டு வாரம் கழித்தும் மூத்தவரால் கையைத் தூக்க முடியாவிட்டால் ஸ்கேன் எடுக்காமல் வெறும் பயிற்சிக்கு அனுப்பக் கூடாது.

அங்கேயே அறுவையா, ஊருக்குத் திரும்பியா?

மலையடிவாரத்தில் இருக்கும் மருத்துவர்கள் இந்தக் காயங்களை ஒரு பருவத்தில் பார்க்கும் எண்ணிக்கை, நகரத்து நிபுணர் சில ஆண்டுகளில் பார்ப்பதைவிட அதிகமாக இருக்கலாம். தோலைக் கிழித்து வந்த முறிவு, மூட்டுத்தளம் உடைந்து விலகிய முறிவு, தோள் அல்லது முழங்கால் நழுவி உள்ளே போக மறுப்பது, ரத்த ஓட்டம் தடைபட்டது ஆகியவற்றுக்கு அங்கேயே அறுவை செய்துகொள்வதுதான் சரி. தனியாக அறுந்த ஏசிஎல்லுக்கு, விடுமுறை முடிவதற்குள் அறுவை என்ற யோசனை வந்தால் பொறுத்துக் கேட்கலாம். அறுவை ஒரு மணி நேரம். பின்னால் வரும் ஒன்பது மாதப் பயிற்சியும், தையலில் சிக்கல் வந்தால் பார்ப்பதும் ஊரில்தான். அறுவை செய்தவர் அப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார்.

ஊருக்குக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: படங்களின் அசல் கோப்பு, அதாவது டைகாம் வடிவில் குறுந்தகடோ இணைப்போ. கைபேசியில் எடுத்த எக்ஸ்ரே போட்டோ நிபுணருக்கு உதவாது. அதோடு மருத்துவரின் எழுத்து அறிக்கை. அறுவை நடந்திருந்தால் அறுவைக் குறிப்பும், வைத்த தகடு, திருகுகளின் ஒட்டுச் சீட்டும். பின்னாளில் அந்தத் திருகைக் கழற்ற எந்தத் திருப்புளி வேண்டும் என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும்.

விமானத்திலும் கவனம் வேண்டும். புதிதாக முழு மாவுக்கட்டுப் போட்டவரை, இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு 24 மணி நேரமும், நீண்ட பயணத்துக்கு 48 மணி நேரமும் காத்திருக்கச் சொல்வது வழக்கம். அதற்கு முன் பறப்பதென்றால் மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிட வேண்டும். காற்றழுத்தம் குறையும்போது உள்ளே சிக்கிய காற்று விரிந்து காலை இறுக்கும். விலா முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருந்தால், அது முழுதும் போய்விட்டதை எக்ஸ்ரே உறுதிசெய்யும்வரை விமானமே கூடாது. கால் அசையாமல் கட்டுண்டு நீண்ட பயணம் போகிறவருக்கு ரத்தக் கட்டி ஆபத்து உண்டு. ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி தேவையா என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டில் பலர் தடுக்கி விழும் இடம் மீட்புச் செலவு. ஐரோப்பிய நாடுகளின் அரசு மருத்துவத்துக்கான சுகாதார அட்டைகள், மலைச்சரிவிலிருந்து தூக்கிவருவதற்கும் தாய்நாட்டுக்கு அனுப்பிவைப்பதற்கும் பணம் தருவதில்லை. பாலிசியில் பனிச்சறுக்கு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே போனால் செல்லுமா, திட்டமிட்ட அறுவைக்கு முன் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டுமா ஆகிய மூன்றையும் படுக்கையில் படுத்த பிறகு படிப்பதில் பயனில்லை.

நிபுணரைத் தேர்ந்தெடுக்க, "நல்ல எலும்பு டாக்டர்" என்ற பொதுப் பெயர் போதாது. முழங்காலுக்கு முழங்கால் விளையாட்டுக் காயங்களையே முக்கிய வேலையாகச் செய்பவர். கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: ஆண்டுக்கு எத்தனை ஏசிஎல் அறுவை செய்கிறீர்கள்? மெனிஸ்கஸைத் தைப்பீர்களா, வெட்டுவீர்களா? எந்த இடத்து நாணை எடுத்துப் பொருத்துவீர்கள், எனக்கு ஏன் அது? அறுவை இல்லாமல் முயன்று பார்க்க நான் தகுந்தவரா? மீண்டும் எப்போது சறுக்கலாம் என்பதைத் தேதி வைத்துச் சொல்வீர்களா, சோதனை வைத்தா? தேதி மட்டும் சொல்பவரைவிட, சோதனையும் சொல்பவர் மேல்.

அந்தச் சோதனைகள் இப்போது ஓரளவு நிலைபெற்றுவிட்டன. அறுவை முடிந்து ஒன்பது மாதமாவது ஆக வேண்டும். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒன்பதாம் மாதம் வரை திரும்புவது ஒவ்வொரு மாதம் தள்ளிப்போகும்போதும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்தது. தொடைத் தசையின் வலுவும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இதில் ஒரு சூது உண்டு: ஒன்பது மாதம் ஓய்ந்திருந்த நல்ல காலும் இளைத்திருக்கும், அதனால் ஒப்பீடு தவறாக அழகாகத் தெரியும். பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட் உடல் எடையோடும் ஒப்பிடுவார்.

திரும்பச் சரிவுக்குப் போகுமுன் பைண்டிங்கைக் கடையில் மறுபடி அளந்து அமைக்க வேண்டும். எவ்வளவு விசையில் பைண்டிங் கழல வேண்டும் என்ற எண், ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தரத்தின்படி எடை, உயரம், வயது, பூட் அடிநீளம், சறுக்கும் பாணி ஆகிய ஐந்தையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஓராண்டில் எடை மாறியிருக்கும். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் அமைப்பு ஒரு படி இறங்கும். விபத்துக்கு முந்தைய வேகக்காரர் என்ற பாணியையும் படிவத்தில் ஒரு படி குறைத்தே எழுதுங்கள்.